பெரிய கார்டினல்: இருக்கிறது என்றே நிரூபிக்க முடியாததை வைத்து என்ன ஆராய்ச்சி நடக்கிறது?

மேலூர்க்காரி:

வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், நெட் தேர்வுக்கும் படிக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் புது நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கே யாரும் "அடுத்து என்னம்மா" என்று கேட்பதில்லை, அதற்காகவே போகலாம்.

எங்கள் பாடத்தில் கணக் கோட்பாடு ஒரு யூனிட்டோடு முடிந்துவிட்டது. கேண்டரின் மூலைவிட்ட வாதம், இயல் எண்களை விட மெய்யெண்கள் அதிகம், எந்தக் கணத்தை எடுத்தாலும் அதன் அடுக்குக் கணம் (அதன் உட்கணங்கள் எல்லாம் சேர்ந்த கணம்) அதைவிடப் பெரிது, அவ்வளவுதான். மீதியை நானாகப் படித்தேன். இயல் எண்களுக்கும் மெய்யெண்களுக்கும் நடுவில் வேறு ஒரு அளவு உண்டா என்பதுதான் 1900-இல் ஹில்பர்ட் போட்ட, தீராத கணக்குகளின் பட்டியலில் முதல் கேள்வி. இல்லை என்று வைத்துக்கொண்டால் முரண்பாடு வராது என்று கோடல் 1938-இல் காட்டினார். இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் வராது என்று கோஹன் 1963-இல் காட்டினார். ஆக, கணக் கோட்பாட்டில் நிரூபணம் கேட்காமல் நாம் வழக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் அடிப்படை விதிகளான இசட்எஃப்சி (ZFC) ஆக்சியங்களால் இதை எப்படியும் தீர்க்க முடியாது. இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது, பிடித்தும் இருந்தது.

அதற்கப்புறம்தான் பெரிய கார்டினல் வருகிறது. (பள்ளிப் புத்தகத்தில் ஒரு கணத்தில் எத்தனை உறுப்பு என்பதைக் கணத்தின் ஆதி எண் என்று படித்தோமே, அந்தக் கார்டினல்தான், ஆனால் முடிவிலிகளுக்குள் எங்கேயோ மேலே.) இனாக்சஸிபிள், மெஷரபிள், உடின், சூப்பர்காம்பாக்ட் என்று வரிசையாக வருகிறது. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்திலேயே "இது இருக்கிறது என்று இசட்எஃப்சி-யால் நிரூபிக்க முடியாது" என்று போட்டுவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து "ஒன்று இருப்பதாகக் கொள்க" என்று ஆரம்பித்து முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறார்கள். இல்லாத ஊருக்குப் போகாத வழி என்பார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

பேராசிரியர் ஒருவரிடம் இதில் பிஎச்.டி. பண்ணலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஃபிலாசபிம்மா. கிராஃப் லேபிளிங் எடு, இல்லை ஃபஸி டோபாலஜி எடு, மூன்று வருஷத்தில் நாலு பேப்பர் போட்டுவிட்டு வந்துவிடலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் வீட்டு நிலைமை தெரிந்துதான் சொன்னார்.

என் கேள்வி இரண்டு. ஒன்று, நிரூபிக்கவே முடியாத ஒன்றை வைத்து இந்த ஆராய்ச்சியாளர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? நம்பிக்கையா, விளையாட்டா? இரண்டு, இங்கிருந்து ஒருத்தி அதற்குள் போக வழி இருக்கிறதா?


நாகமலைக் காற்று:

நானும் அந்தப் பக்கம்தான் படித்தேன் தங்கச்சி, இப்போது வெளிநாட்டில் இதே துறையில் ஒப்பந்த வேலை. முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், இரண்டாவதுக்கு என்னைவிட உள்ளூர்க்காரர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

"இருப்பதாகக் கொள்க" என்பது புது வழக்கமில்லை, நீ ஏற்கெனவே அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறாய். முடிவுள்ள எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டு, பெருக்கு, 2-இன் அடுக்காக உயர்த்து, எத்தனை முறை செய்தாலும் கைக்கு வருவது முடிவுள்ள எண்தான். முதல் முடிவிலி கீழே இருப்பவர்களுக்கு எட்டாத உயரம். அதனால்தான் இசட்எஃப்சி-யில் "முடிவிலிக் கணம் ஒன்று உண்டு" என்று தனி ஆக்சியமாகவே போட்டிருக்கிறார்கள். மற்ற ஆக்சியங்களிலிருந்து அது வராது. இனாக்சஸிபிள் என்பது அதே கதை, ஒரு மாடி மேலே: கீழே இருக்கும் முடிவிலிகளை அடுக்குக் கணம் எடுத்தாலும் எட்டாது, குறைந்த எண்ணிக்கையில் சேர்த்துக் கட்டினாலும் எட்டாது. முதல் மாடிக்குச் சரி என்று தலையாட்டியவர்கள் இரண்டாவது மாடிக்கு மட்டும் ஃபிலாசபி என்று சொல்வது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

ஏன் நிரூபிக்க முடியாது என்பதும் மர்மமில்லை. இனாக்சஸிபிள் ஒன்று இருந்தால், அந்த உயரத்துக்குக் கீழே இருக்கும் கணங்களை எல்லாம் சேர்த்து வைத்தாலே இசட்எஃப்சி முழுக்க அதற்குள் உண்மையாக நிற்கும். அப்படியானால் இசட்எஃப்சி முரண்பாடில்லாதது என்றாகிறது. தன் முரண்பாடின்மையைத் தானே நிரூபிக்க முடியாது என்று கோடல் 1931-இல் சொல்லிவிட்டார். முடிந்தது கதை.

சரி, நாள் முழுக்க என்ன செய்கிறோம்? பெரும்பாலும் எடை போடுகிறோம். கீழமாசி வீதி மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள். ஒரு தட்டில் சாதாரணக் கணிதக் கூற்று ஒன்று, மறு தட்டில் எந்தப் பெரிய கார்டினலை வைத்தால் முள் நடுவில் நிற்கும் என்று பார்ப்பது. ஒரு எடை போடலைச் சொல்கிறேன், இதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. நீளமோ பரப்போ சொல்ல முடியாத மெய்யெண் கணம் ஒன்றை விட்டாலி 1905-இல் கட்டினார், ஞாபகம் இருக்கும். அதற்குத் தேர்வு ஆக்சியம் வேண்டும், அதாவது எத்தனை கணங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைப் பொறுக்கி எடுக்கலாம் என்ற விதி. தேர்வு ஆக்சியத்தைத் தளர்த்தி, எல்லா மெய்யெண் கணங்களுக்கும் நீள அளவு சொல்ல முடிகிற ஒரு உலகம் கட்டலாமா? கட்டலாம் என்று சோலவே காட்டினார், 1970-இல் கட்டுரை வந்தது. ஆனால் அவர் ஒரு இனாக்சஸிபிளைக் கடன் வாங்கித்தான் கட்டினார். மெய்யெண் கோட்டில் நீளம் அளப்பதற்கும் அவ்வளவு உயரத்தில் இருக்கும் ஒன்றுக்கும் என்ன சம்பந்தம், அந்தக் கடன் தேவையில்லாததாகத்தான் இருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். 1984-இல் ஷெலா வந்து, கடன் இல்லாமல் முடியாது என்று நிரூபித்துவிட்டார். அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: நீள அளவுக்குப் பதிலாக பேர் (Baire) பண்பு என்ற அதன் இரட்டைப் பிறவியை எடுத்தால் கடனே வேண்டாம். பாடப்புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி நிரூபணத்தோடு வரும் இரண்டு விஷயம், தராசில் வைத்தால் எடை வேறு. இதை எந்த ஃபஸி டோபாலஜியும் உனக்குச் சொல்லித் தராது (அந்தப் பேராசிரியர் மன்னிக்க).

அப்புறம் ஆட்டங்கள். இரண்டு பேர் மாறி மாறி ஒரு எண் எழுதிக்கொண்டே போகிறார்கள், முடிவே இல்லாமல். கடைசியில் கிடைக்கும் வரிசை முன்பே குறித்து வைத்த ஒரு கணத்துக்குள் விழுந்தால் முதலாமவருக்கு வெற்றி. யாராவது ஒருவருக்கு வெல்லும் உத்தி கட்டாயம் உண்டா? எளிய கணங்களுக்கு உண்டு என்று கேலும் ஸ்டூவர்ட்டும் 1953-இல் காட்டினார்கள். எளிய கணங்களிலிருந்து சேர்ப்பும் நிரப்பியும் திரும்பத் திரும்ப எடுத்துக் கிடைக்கும் போரல் கணங்கள் எல்லாவற்றுக்கும் உண்டு என்று 1975-இல் டொனால்ட் மார்ட்டின் நிரூபித்தார், அது வரைக்கும் இசட்எஃப்சி போதும். அதற்கு ஒரு படி மேலே போனால் போதாது, பெரிய கார்டினல் வேண்டும். வீழ்த்தலும் நிரப்பியும் மாற்றி மாற்றி எடுத்துக் கிடைக்கும் ப்ரொஜெக்டிவ் கணங்கள் முழுவதற்கும் உடின் கார்டினல்கள் போதும் என்று 1980-களில் மார்ட்டினும் ஸ்டீலும் காட்டினார்கள். அந்தக் கணங்களுக்கு நீள அளவு உண்டா என்பது ஒருபோதும் தெரியப்போவதில்லை என்று 1925-இல் லூசின் எழுதியிருந்தார். இசட்எஃப்சி-க்குள் மட்டும் நின்றால் அவர் சொன்னது இன்றைக்கும் சரிதான்.

நம்பிக்கையா என்று கேட்டாயே, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த ஏணியில் ஏறிக்கொண்டே போய் ஒரு படி உடைந்தும் இருக்கிறது. ரைன்ஹார்ட் 1960-களின் கடைசியில் ஒரு மிகப் பெரிய கார்டினலை முன்வைத்தார், தேர்வு ஆக்சியத்தோடு அது ஒத்துவராது என்று குனென் 1971-இல் முரண்பாட்டைக் காட்டினார், அந்தப் படி போயிற்று. ஆக எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் பஜனை மடம் இல்லை இது. மேலே ஒன்று விழுந்ததே தவிர, அதற்குக் கீழே இருப்பவை இத்தனை வருஷம் இத்தனை பேர் உலுக்கியும் நிற்கின்றன.

ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ ஆரம்பித்த ஹில்பர்ட்டின் முதல் கேள்வி இருக்கிறதே, நமக்குத் தெரிந்த பெரிய கார்டினல்கள் எதுவும் அதைத் தீர்க்காது. லெவியும் சோலவேயும் 1967-லேயே காட்டிவிட்டார்கள்.


ஓய்வு வாத்தியார்:

நாற்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன், நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் என் சந்தேகம் போகவில்லை.

நம்ம மீனாட்சியம்மன் கோயிலில் ஆயிரங்கால் மண்டபம் இருக்கிறது. பெயர்தான் ஆயிரம், தூண் 985. நான் ஒவ்வொரு வருடமும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணச் சொல்வேன், ஆளுக்கு ஒரு எண்ணிக்கை சொல்வார்கள், சண்டை வரும், திரும்ப எண்ணுவோம். எண்ணினால் தீர்ந்துவிடும், அதுதான் கணக்கு. பெயர் வைப்பது வேறு, இருப்பது வேறு. மெஷரபிள் என்று பெயர் வைத்து, உடின் என்று பெயர் வைத்து, இதை வைத்தால் அது வரும், அதை வைத்தால் இது வரும் என்கிறீர்கள். எல்லாம் முடிவிலிக்குள்ளேயே நடக்கும் பேச்சு. முடிவிலிக் கணம், முடிவிலி ஆட்டம், அளவே சொல்ல முடியாத கணம். என்னைப் போன்ற ஆள் போய் விரல் விட்டு எண்ணிப் பார்க்கிற மாதிரி, 1, 2, 3, 4 என்ற எண்களில், இந்தப் பெரிய கார்டினல்கள் ஏதாவது சொல்கின்றனவா? அப்படி ஒன்று காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு: படிக்காதே என்று நான் சொல்ல வரவில்லை அம்மா. ஆனால் நெட் தேர்வை விட்டுவிடாதே.


கீழக்குயில்குடி:

இதெல்லாம் நம்ம சமணர் மலையில் படுத்திருந்த முனிவர்களுக்கு அன்றைக்கே தெரியும். சமண நூல்களில் எண்ணத்தக்கது, எண்ணற்றது, அனந்தம் என்று பிரித்து ஒவ்வொன்றையும் மூன்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். கேண்டர் புதிதாக எதுவும் சொல்லவில்லை.


நாகமலைக் காற்று:

அண்ணே, அந்தப் பிரிவு உண்மைதான், முடிவிலி எல்லாம் ஒரே அளவில்லை என்று அவ்வளவு முன்பே யோசித்தது பெரிய விஷயம். தீவு அளவுக்குக் குழி வெட்டிக் கடுகால் நிரப்பி எண்ணற்றதை விளக்கும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்துப் பார்த்து, சேரவே சேராது என்று நிரூபிக்கும் வேலை அங்கே இல்லை, அது கேண்டருடையது. இரண்டையும் மதிக்கலாம், ஒன்றின் தலையில் இன்னொன்றைக் கட்ட வேண்டாம்.


குன்றத்துக் குரங்கு:

வாத்தியார் ஐயா கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு நேராகவே பதில் இருக்கிறது. பேப்பரும் பென்சிலும் எடுத்து வையுங்கள். நான் கம்ப்யூட்டர் ஆள், கணக்கு ஆள் இல்லை, ஆனால் இந்த ஒன்றில் மாட்டிக்கொண்டு ஒரு மழைக்கால வாரம் முழுக்கப் போயிற்று.

எண்கள் 1, 2, 3, 4 மட்டும். பெருக்கல் மாதிரி ஒரு செயல், அதை ★ என்று போடுவோம். விதி இரண்டே இரண்டு. முதலாவது: எந்த எண்ணோடும் 1 சேர்ந்தால் அடுத்த எண், 4-க்கு அடுத்தது திரும்ப 1. அதாவது 1★1=2, 2★1=3, 3★1=4, 4★1=1. இரண்டாவது: அ★(ஆ★இ) = (அ★ஆ)★(அ★இ). வெளியே இருக்கும் அ உள்ளே இருக்கும் இரண்டுக்கும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு விதிக்கும் பொருந்துகிற அட்டவணை ஒன்றே ஒன்றுதான் உண்டு. இதோ (1-ஆம் வரிசை என்றால் 1★1, 1★2, 1★3, 1★4):

1-ஆம் வரிசை: 2 4 2 4
2-ஆம் வரிசை: 3 4 3 4
3-ஆம் வரிசை: 4 4 4 4
4-ஆம் வரிசை: 1 2 3 4

இதே போல 8 எண்களுக்கு, 16-க்கு, 32-க்கு என்று போட்டுக்கொண்டே போகலாம். 2-இன் அடுக்காக இல்லாத அளவுகளுக்கு, 5, 6 என்று வைத்தால், இரண்டாவது விதி எங்காவது உடையும். இவற்றுக்கு லேவர் அட்டவணை என்று பெயர், ரிச்சர்ட் லேவர் கண்டுபிடித்தது.

இப்போது முதல் வரிசையை மட்டும் பாருங்கள். 2 4 2 4. இரண்டு எண் வந்து திரும்ப அதே இரண்டு. சுழற்சி நீளம் 2. எட்டுக்குப் போட்டால் முதல் வரிசையின் சுழற்சி 4. கேள்வி இதுதான்: அட்டவணையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் இந்தச் சுழற்சி நீளமும் எல்லையில்லாமல் வளருமா, இல்லை ஏதோ ஒரு எண்ணில் நின்றுவிடுமா? எல்லாம் முடிவுள்ள எண்கள், முடிவுள்ள அட்டவணைகள், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கேள்வி.

பதில்: எல்லையில்லாமல் வளரும். லேவர் நிரூபித்தார். எதை வைத்து? நாகமலை அண்ணன் சொன்னாரே, குனென் உடைத்த படி, அதற்கு ஒட்டினாற்போல் கீழே, இன்னும் உடையாமல் நிற்கும் ஒரு கார்டினலை வைத்து. அந்த உயரத்தில் கணங்களின் ஒரு பெரும் அடுக்கை அதற்குள்ளேயே நகர்த்தி வைக்கும் சார்பு ஒன்று இருக்கும், நகர்த்தியும் அங்கே சொல்லக்கூடிய எந்த உண்மையும் பொய்யாகாது. அந்தச் சார்பை அதன் மேலேயே செயல்படுத்தலாம், கிடைப்பதைத் திரும்பச் செயல்படுத்தலாம். அப்படிச் செயல்படுத்தும் முறை நம்முடைய இரண்டாவது விதிக்கு அப்படியே கட்டுப்படுகிறது. அட்டவணைகள் அதன் நிழல். அந்தக் கார்டினல் இல்லாமல் வெறும் இசட்எஃப்சி-யில் இதற்கு நிரூபணம் இன்றுவரை யாரிடமும் இல்லை. முடியாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு கதை. இந்த இரண்டாவது விதியை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு கோவைகள் சமமா இல்லையா என்று சொல்ல ஒரு வழிமுறை உண்டா என்பதையும் லேவர் முதலில் அந்தக் கார்டினலை வைத்துத்தான் தீர்த்தார். சில வருஷத்தில், 1990-களின் தொடக்கத்தில், தெஹொர்ன்வா என்ற பிரெஞ்சுக்காரர் கார்டினலை எடுத்துவிட்டு அதே விடையைக் கொண்டுவந்தார். எடுக்கும்போது கைக்கு என்ன வந்தது தெரியுமா, பின்னல். சடை பின்னும்போது கால்கள் ஒன்றின் மேல் ஒன்று தாண்டுமே, அந்தப் பின்னல்களை எல்லாம் பெரியது சிறியது என்று ஒரே வரிசையில் அடுக்க ஒரு முறை இருக்கிறது என்று அதிலிருந்து வந்தது. முடிச்சுகளும் பின்னல்களும் ஆராய்கிறவர்களுக்கு அது வரைக்கும் தெரியாத விஷயம். சாரம் கட்டி வீட்டை முடித்து, அப்புறம் சாரத்தைப் பிரித்துக்கொள்வது மாதிரி. சுழற்சி நீளக் கேள்விக்கு மட்டும் சாரத்தை இன்னும் பிரிக்க முடியவில்லை.


மேலூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று டியூஷன் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துவிட்டு, அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது நான் 8-க்குப் போட உட்கார்ந்தேன். முதல் வரிசையில் ஆரம்பித்தேன், 1★2 வேண்டுமானால் 2★2 வேண்டும், அதற்கு 3-ஆம் வரிசை வேண்டும், அதற்கு 4-ஆம் வரிசை... கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, கடைசி வரிசையிலிருந்து மேலே ஏற வேண்டும் என்று. 8-ஆம் வரிசை 1 முதல் 8 வரை அப்படியே, 7-ஆம் வரிசை எல்லாம் 8, 6-ஆம் வரிசை 7 8 7 8, 5-ஆம் வரிசை 6 8 6 8, நாலாவது 5 6 7 8, மூன்றாவது 4 8 4 8. சரியாகத்தான் வந்தது. ஆனால் 2-ஆம் வரிசை எனக்கு 3 8 3 8 என்று வருகிறது, அதனால் முதல் வரிசை 2 8 2 8 ஆகி, சுழற்சி 2 என்றே நிற்கிறது. குரங்கு அண்ணே, நீங்கள் 4 என்றீர்களே?


குன்றத்துக் குரங்கு:

2-ஆம் வரிசையில் 2★2 எப்படி எடுத்தாய்? இரண்டாம் 2 என்பது 1★1. அதனால் 2★2 = (2★1)★(2★1) = 3★3. நீ 3★2 எடுத்திருப்பாய், அதனால்தான் 8 வந்தது. 3-ஆம் வரிசையில் மூன்றாவது கட்டம் 4. அப்புறம் 4★3=7, 7★3=8. ஒவ்வொரு அடியிலும் வரிசை எண்ணுக்கு அடுத்த எண்ணால்தான் போக வேண்டும். நானும் முதலில் இதே இடத்தில்தான் விழுந்தேன்.


மேலூர்க்காரி:

ஆமாம்! 2-ஆம் வரிசை 3 4 7 8. அதை வைத்தால் முதல் வரிசை 2 4 6 8. சுழற்சி 4. தேர்வு நேரம் முடிந்து பிள்ளைகள் பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போனதுகூடத் தெரியவில்லை.


தெப்பக்குளம் அக்கா:

இரண்டாவது கேள்வியை ஆளாளுக்கு விட்டுவிட்டீர்கள். நான் இதே ஊரில் படித்து, லாஜிக்கில் பிஎச்.டி. பண்ணி, இப்போது கற்பிக்கிறேன்.

பெண்ணே, கணக் கோட்பாட்டுக்கு வழிகாட்டி நம் நாட்டில் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். பக்கத்தில் பிடிக்கலாம் என்று யாரையாவது சேர்ந்துவிட்டு, அப்புறம் அவருக்கு ஆர்வமில்லாத தலைப்பில் ஐந்து வருஷம் மல்லுக்கட்டாதே. சென்னையில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரி சென்னைக் கணித நிறுவனத்திலும் லாஜிக் உண்டு, ஆனால் அங்கே கணினி அறிவியல் பக்கம் சாய்ந்த லாஜிக்தான் அதிகம். கான்பூர் ஐஐடியிலும் லாஜிக் ஆட்கள் இருக்கிறார்கள். ஆளைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடு. நெட் மட்டும் போதாது, தேசிய உயர்கணித வாரியத்தின் உதவித்தொகைத் தேர்வையும் எழுது. இந்திய லாஜிக் சங்கம் நடத்தும் மாநாடும் பயிற்சிப் பள்ளியும் மாறி மாறி வரும், பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பித்துவிடு. அங்கே பத்து நாளில் தெரிந்துகொள்வதை இங்கே தனியாக ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் தெரிந்துகொள்ள முடியாது, யார் என்ன செய்கிறார்கள், யார் எப்படி ஆள் என்பது உட்பட.

படிப்பில் ஒன்று. நீ நேராகப் பெரிய கார்டினலுக்குத் தாவியிருக்கிறாய். முதலில் கோடலின் முழுமைத் தேற்றம், முழுமையின்மைத் தேற்றங்கள், லோவன்ஹைம் ஸ்கோலம் தேற்றம், அப்புறம் ஆர்டினல்கள், கோடல் கட்டிய எல் (L) என்ற கணங்களின் உலகம், அப்புறம் கோஹன் கொண்டுவந்த ஃபோர்சிங் என்ற முறை. ஃபோர்சிங்கைக் கணக்குப் போட்டுப் போட்டுக் கையில் பழக்காமல் மேலே போனால் எல்லாம் கதையாகத்தான் தெரியும். மெஷரபிள் ஒன்று இருந்தால் எல் முழு உலகம் ஆகாது என்று ஸ்காட் 1961-இல் நிரூபித்தது இருக்கிறதே, அதை உதவியில்லாமல் ஒரு வெள்ளைத் தாளில் எழுத வந்துவிட்டால், நீ தயார் என்று வைத்துக்கொள்.

வீட்டில் வேலை என்று கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறது. நிரூபணங்களைக் கம்ப்யூட்டரைக் கொண்டு சரிபார்க்கும் லீன் என்ற மென்பொருள் இப்போது பரவலாகி வருகிறது. அதன் அடித்தளத்தை எடை போட்டால், இசட்எஃப்சி-யோடு முடிவுள்ள எண்ணிக்கையில் எத்தனை இனாக்சஸிபிள் வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்ட எடை வரும். ஃபிலாசபி என்ற விஷயம் மென்பொருளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. லீன் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், கற்றுக்கொள். லாஜிக்கில் இடம் கிடைக்காவிட்டாலும் அது கைவிடாது.

கடைசியாக, அந்தப் பேராசிரியரிடம் கோபித்துக்கொள்ளாதே. பரிந்துரைக் கடிதம் அவர்தான் தர வேண்டும்.


ஓய்வு வாத்தியார்:

சொன்னபடி ஒப்புக்கொள்கிறேன். 1, 2, 3, 4-இல்தான் காட்டியிருக்கிறீர்கள். இருப்பதாக நம்புகிறேனா என்று கேட்காதீர்கள், அது வேறு, ஆனால் அதை ஃபிலாசபி என்று இனிமேல் சொல்லமாட்டேன்.

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு போட்டு 16-க்குப் போட்டேன். காலையில் காபிக்கு உட்கார்ந்தது, எழுந்திருக்க பத்தரை ஆகிவிட்டது. முதல் வரிசை 2 12 14 16, 2 12 14 16 என்று வருகிறது. சுழற்சி திரும்பவும் 4. வளர வேண்டுமே, எங்கே தப்புப் பண்ணினேன்?


குன்றத்துக் குரங்கு:

தப்பே இல்லை ஐயா, 16-க்கும் 4-தான். 32-இல் 8 ஆகும். 64, 128, 256 எல்லாவற்றிலும் அதே 8. 512-இல்தான் 16. அதற்கப்புறம் 32 எப்போது வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அந்தக் கார்டினல் இருந்தால் கட்டாயம் வரும், ஆனால் 2-ஐ எத்தனை முறை பெருக்கிய அட்டவணையில் வரும் என்றால், கண்மண் தெரியாத வேகத்தில் வளரும் ஆக்கர்மான் சார்பில் 8-ஐயும் 254-ஐயும் போட்டு வருகிற எண்ணைத் திரும்ப 8-ஓடு போட்டு, வருவதைத் திரும்ப 9-ஓடு போட்டால் வருகிற எண் இருக்கிறதே, அதையும் தாண்டித்தான் என்று டௌகர்ட்டி என்ற கணிதவியலாளர் காட்டியிருக்கிறார். அதை எழுதிக்காட்ட இந்த உலகத்தில் தாள் கிடையாது.


ஓய்வு வாத்தியார்:

பேரன் பத்து வரியில் நிரல் போட்டுக் கொடுத்தான். 512-இல் 16 வந்தது, 1024-லும் 16. "32 வருகிற வரைக்கும் ஓடட்டும், விட்டுவிடவா தாத்தா" என்றான். கரண்ட் பில்லை உன் அப்பன் கட்டுவானா என்று கேட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.